பிளாக்கென்ட் டெத் மெட்டலுக்குள் எந்த ஆல்பம் வழியாக நுழைவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பிளாக்கென்ட் டெத் மெட்டலைக் கேட்டுப் பழக விரும்புகிறவர்களை முதலில் திணறடிப்பவை பரிந்துரைப் பட்டியல்கள்தான். ஒருவர் பெஹிமோத் என்ற இசைக்குழுவில் தொடங்கச் சொல்வார். இன்னொருவர், பெஹிமோத் இப்போது ஊருக்கே தெரிந்த பெயர், உண்மையான வேர் டிஸெக்‌ஷனில் இருக்கிறது என்பார். மூன்றாமவர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பிளாஸ்ஃபெமியைக் கேட்காதவர் இந்த இசையைப் பற்றிப் பேசவே கூடாது என்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் தமக்குப் பிடித்ததைச் சொல்கிறார்களே தவிர, கேட்கப்போகிறவரின் காது எதற்குப் பழகியது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்த விசாரணையைத்தான் இந்தக் கட்டுரை முதலில் வைக்கிறது.

பெயரில் உள்ளபடியே இது இரண்டு இசைகளின் கலப்பு. டெத் மெட்டல், தாழ்த்திச் சுருதி வைத்த கிட்டார்களும், அடிவயிற்றிலிருந்து வரும் உறுமலும், இரு கால்களாலும் இடைவிடாமல் அடிக்கும் டபுள் பாஸ் டிரம்மும் சேர்ந்த கனமான இசை. பிளாக் மெட்டலில் கிட்டார் மெலிந்து, கூர்மையாக, ஒரே தந்தியை மிக வேகமாக மீட்டும் ட்ரெமோலோ முறையில் ஒலிக்கும். குரல் உறுமலாக இல்லாமல் கீறலாக இருக்கும். இசையைவிடச் சூழல் முந்திக்கொள்ளும். இவ்விரண்டும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று உறவே இல்லாததுபோல் ஒலிக்கும் இசைக்குழுக்கள் உருவாகியிருக்கின்றன. ஸ்வீடனின் கலவை வேறு, போலந்தின் கலவை வேறு, கனடாவின் கலவை முற்றிலும் வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏதோ ஒன்றில் தொடங்கி, அது பிடிக்காமல் போனதால் முழு வகையையுமே கைவிட்டவர்கள் ஏராளம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், உங்களை இதுவரை விரட்டியது எது என்பது. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பிளாக் மெட்டலின் மெலிந்த, இரைச்சல் நிறைந்த ஒலிப்பதிவு உங்களுக்கு ஒத்துவரவில்லையா? அல்லது டெத் மெட்டலில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லாம் ஒரே உறுமலாகக் கேட்டதா? இவ்விரண்டு குறைகளுக்கும் மருந்து வெவ்வேறு ஆல்பங்களில் இருக்கிறது.

இரண்டாவது, ஒலிப்பதிவின் தெளிவு. மூன்றாவது, வேகத்துக்கு நடுவே மூச்சுவிட இடம் இருக்கிறதா என்பது. நாற்பது நிமிடமும் பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம் அடியே ஒலித்தால் பழகிய காதே சோர்ந்துவிடும். நான்காவது, ஆல்பம் முடிந்தபிறகு ஒரு மெட்டாவது மனத்தில் தங்குகிறதா என்பது. ஐந்தாவது, பாடல்வரிகளும் குழுவினரின் நடத்தையும். இந்த வகையில் சாத்தான் வழிபாடும் கிறித்துவ எதிர்ப்பும் ஏறக்குறைய பொதுச்சொத்து. அதைத் தாண்டி, சிலருடைய வாழ்க்கையில் உண்மையான வன்முறையும் இருந்திருக்கிறது. இதைப் பொருட்படுத்தாதவர்கள் உண்டு, பொருட்படுத்துகிறவர்களும் உண்டு. இருசாராரும் கேட்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஆறாவது, அந்த ஆல்பம் பிடித்துப்போனால் அடுத்து எங்கே செல்வது என்பது.

## ஸ்வீடன் வழி: டிஸெக்‌ஷனின் 'ஸ்டார்ம் ஆஃப் த லைட்ஸ் பேன்', 1995

நோர்வே எல்லையை ஒட்டிய ஸ்ட்ரோம்ஸ்டாட் என்ற சிறிய கடற்கரை ஊரிலிருந்து வந்த குழு இது. இரண்டாவது ஆல்பமான இதை டான் ஸ்வானோவின் யூனிசவுண்ட் ஸ்டூடியோவில் பதிவுசெய்தார்கள். எட்டே தடங்கள், சுமார் 43 நிமிடம். அதிலும் முதலாவது வரிகளற்ற முன்னிசை, கடைசி தனிப் பியானோ. நடுவில் இருக்கும் ஆறு பாட்டுகளில்தான் விஷயம் இருக்கிறது.

முன்னிசை நிதானமாக ஊர்ந்து முடிந்தவுடன் 'நைட்ஸ் பிளட்' எந்த எச்சரிக்கையும் இன்றிப் பாய்கிறது. வேகத்தில் எதுவும் புரியாது என்று நினைக்கும்போது, இரண்டு கிட்டார்களும் ஒன்றோடொன்று இணைந்து ஒரு மெட்டைப் பாடுவது கேட்கத் தொடங்கும். அயர்ன் மெய்டன் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இணைக் கிட்டார் உடனே பழக்கப்பட்டதாகத் தோன்றும். அதைச் சுற்றியுள்ள குளிர்தான் புதிது. நான்காவது தடமான 'வேர் டெட் ஏஞ்சல்ஸ் லை' வேகத்தைக் குறைத்து நடக்கிறது. முழு ஆல்பத்தையும் கேட்கத் தயங்குகிறவர் இந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். நெக்ரோலார்ட் என்ற பெயரில் வரையும் கிறிஸ்டியன் வாலினின் நீலநிற அட்டைப்படத்தில், பனிவெளியில் மரணம் குதிரையேறி வரும். அந்தப் படத்தின் நிறமே இசையின் நிறமும் என்று சொன்னால் மிகையாகாது.

டெத் மெட்டலில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்று ஒதுங்கியவர்களுக்கு இதைவிடச் சிறந்த மாற்று இல்லை. மெட்டு நினைவில் தங்கும் அளவுகோலில் இது மற்ற மூன்றையும் தோற்கடித்துவிடுகிறது. ஆனால் இதை மெலடிக் பிளாக் மெட்டல் என்றே வகைப்படுத்தும் பலர் இருக்கிறார்கள். டெத் மெட்டலின் கனத்தைத் தேடி வருகிறவருக்கு ஏமாற்றம் ஏற்படலாம். அப்படிப்பட்டவர்கள் ஸ்டாக்ஹோமின் நெக்ரோஃபோபிக் 1993இல் வெளியிட்ட 'த நாக்டர்னல் சைலன்ஸ்' என்ற ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஸ்வீடன் டெத் மெட்டலின் அழுத்தமான கிட்டாருக்கு மேல் பிளாக் மெட்டலின் இருட்டு படர்ந்திருக்கும்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. குழுவின் தலைவரான யோன் நோட்வேய்ட், 1997இல் கோத்தன்பர்க் நகரில் ஒருபாலீர்ப்பாளரான அல்ஜீரியர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பாகிச் சிறைசென்றார். 2004இல் விடுதலையாகி, 2006இல் தற்கொலை செய்துகொண்டார். இந்த ஆல்பம் அந்தக் கொலைக்கு முன்பே வந்தது என்பதைச் சிலர் சமாதானமாகச் சொல்வதுண்டு. எனக்கு அது முழுச் சமாதானமாகத் தோன்றவில்லை. அதற்காக இதைக் கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை. ஒவ்வொருவரும் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

இரண்டாவது விலை, பாதை சீக்கிரமே முடிந்துவிடுவது. 1993இன் 'த சோம்பர்லேன்' முதல் ஆல்பம், இது இரண்டாவது, சிறையிலிருந்து வந்தபின் வெளியான 'ரெய்ன்காஓஸ்' வேறொரு குழுவின் வேலைபோல எளிமையான, நேரடியான மெட்டல். ஆகவே டிஸெக்‌ஷன் பிடித்தவர் அடுத்ததாக இதே மண்ணின் சாக்ரமென்டம் 1996இல் தந்த 'ஃபார் அவே ஃப்ரம் த சன்', டான் (Dawn) குழு 1998இல் தந்த 'ஸ்லாட்டர்சன்' ஆகியவற்றுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

## போலந்து வழி: பெஹிமோத்தின் 'த சாட்டனிஸ்ட்', 2014

கிதான்ஸ்க் நகரில் 1991இல் தொடங்கிய பெஹிமோத், முதலில் தூய பிளாக் மெட்டல் குழு. 1999இன் 'சடானிகா'வில்தான் டெத் மெட்டலின் கனம் முழுமையாக உள்ளே வந்தது. இந்த வரலாறு வாங்குகிறவருக்கு ஏன் முக்கியம் என்றால், குழுவின் பெயரை மட்டும் நம்பி 1996இன் 'க்ரோம்' ஆல்பத்தை எடுத்துவிட்டால், எதிர்பார்த்ததற்கும் கேட்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

பெஹிமோத்துக்குள்ளேயே இன்னொரு தேர்வும் இருக்கிறது. இந்த வகையின் இலக்கணம் எது என்று கேட்டால் 2004இன் 'டெமிகாட்' என்பேன்: அடுக்கடுக்காகப் பதிவான குரல்கள், டிரம்மர் இன்ஃபெர்னோவின் எந்திரம்போன்ற அடி, 'ஸுல்' பாட்டில் நைல் குழுவின் கார்ல் சாண்டர்ஸ் விருந்தினராக வாசிக்கும் கிட்டார் தனியிசை. ஆனால் இலக்கணநூலைக் கையில் கொடுத்து மொழி கற்பிப்பது சரியான முறையல்ல. 'டெமிகாட்' காதை நிரப்பிக்கொண்டே போகிறது, வெளியே வர வழியே விடுவதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து வந்த 'த சாட்டனிஸ்ட்', அதே கனத்தை வைத்துக்கொண்டு வெற்றிடம் விடக் கற்றுக்கொண்ட ஆல்பம்.

முதல் பாட்டான 'ப்ளோ யுவர் டிரம்பெட்ஸ் கேப்ரியல்' இதற்கு நல்ல சான்று. கிட்டார் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கை) ஊர்வலம் நடப்பதுபோல மெதுவாக இழுக்கிறது. அதன்மேல் குழுவின் பாடகரும் தலைவருமான நெர்கலின் குரல் ஒவ்வொரு சொல்லாக இறங்குகிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்குச் சொற்கள் ஓரளவு புரியும் என்பதே இந்த வகையில் அரிது. பாட்டின் பாதியைத் தாண்டியபின்தான் டிரம் கட்டவிழ்கிறது; அதற்குள் கேட்பவருக்கு எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிட்டிருக்கும். 'இன் த ஆப்சென்ஸ் ஆவ் லைட்' என்ற பாட்டின் நடுவில் வேகம் சட்டென்று அறுபட்டு, மின்னில்லாக் கிட்டாரின் பின்னணியில் போலந்து எழுத்தாளர் விட்டோல்ட் கோம்ப்ரோவிச்சின் நாடக வரிகள் போலிய மொழியில் வாசிக்கப்படுகின்றன. ஏழு நிமிடத்தைத் தாண்டும் கடைசிப் பாட்டு, ஓட்டத்தை முழுக்க விட்டுவிட்டு கோரஸோடு எழும்பி முடிகிறது. ஒன்பது பாட்டுகள், சுமார் 44 நிமிடம். எங்கேயும் தேவையில்லாத ஒரு நிமிடம் இல்லை.

2010இல் நெர்கலுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு வந்த முதல் ஆல்பம் இது. நோயை நேரடியாகப் பேசும் ஆல்பம் என்று இதைக் குறுக்கிவிட வேண்டாம். ஆயினும் பழைய ஆல்பங்களில் இருந்த தசைமுறுக்கு தளர்ந்து, அந்த இடத்தில் உயிர் வந்திருப்பதைக் கேட்கிறவர்கள் உணர்வார்கள்.

பிளாக் மெட்டலின் இரைச்சல் ஒலிப்பதிவு பிடிக்காமல் ஒதுங்கியவர்களும், தீவிர மெட்டலையே இதுவரை கேளாதவர்களும் இங்கிருந்து தொடங்குவதே சரி. மறைவிலை எங்கே இருக்கிறது என்றால், இந்த மெருகுக்குப் பழகிய காதுக்குத் தொண்ணூறுகளின் பதிவுகள் எல்லாம் தகரத்தில் அடித்ததுபோலத் தோன்றத் தொடங்கும். அந்தப் பழக்கத்தை முறிக்கச் சில காலம் பிடிக்கும். பெஹிமோத்தைச் சுற்றியுள்ள ஆர்ப்பாட்டமும் ஒரு விலைதான். 2007இல் கிதினியா நகர மேடையில் நெர்கல் விவிலியத்தைக் கிழித்ததும், அதன்மேல் பல ஆண்டுகள் நடந்த வழக்குகளும், வேடமும் தீயும் நிறைந்த காணொளிகளும் இசையை மறைத்துவிடும் அளவுக்குப் பெரிதானவை. முதல்முறை காணொளி பார்க்காமல் கேட்பது நல்லது.

## கனடா வழி: பிளாஸ்ஃபெமியின் 'ஃபாலன் ஏஞ்சல் ஆஃப் டூம்', 1990

மேலே சொன்ன இரண்டும் வருவதற்கு முன்பே, வான்கூவர் பகுதியிலிருந்து வந்த இந்தக் குழு வேறொரு கலவையைச் செய்துவிட்டிருந்தது. பிரேசிலின் பெலோ ஹோரிசோன்டேயைச் சேர்ந்த சர்காஃபாகோ 1987இல் வெளியிட்ட 'ஐ.என்.ஆர்.ஐ.' ஆல்பத்தின் மூர்க்கத்தை எடுத்துக்கொண்டு, அதில் கிரைண்ட்கோர் என்ற அதிவேகப் பங்க்-மெட்டல் கலப்பின் குறுகிய, சிதறிய பாட்டமைப்பைச் சேர்த்தார்கள். இன்று வார் மெட்டல் என்று அழைக்கப்படும் கிளைக்கு இதுதான் அடிவேர். ஆல்பம் முழுவதும் அரைமணி நேரம்தான்.

முதல்முறை கேட்கும்போது ரிஃப்கள் பிரித்தறிய முடியாது. கிட்டார், பேஸ், டிரம், எதிரொலி ஏற்றிய குரல் எல்லாம் ஒரே சேற்றில் புரள்கின்றன. இது ஒலிப்பதிவின் குறை என்று சொல்லலாம். ஆனால் இதே இசையைத் தெளிவாகப் பதிவுசெய்தால் அதன் அச்சம் போய்விடும் என்பதும் உண்மை. மெட்டு தங்குவதில்லை, மூச்சுவிட இடம் இல்லை, தெளிவு இல்லை. நம் அளவுகோல்களில் மூன்றில் இது தோற்கிறது. ஆனாலும், பிளாக் மெட்டலையும் டெத் மெட்டலையும் ஏற்கெனவே நன்கு கேட்டு, இரண்டும் பழகிச் சலித்து, மீண்டும் மிரளவேண்டும் என்று விரும்புகிறவருக்கு மற்ற மூன்று வழிகளும் உதவாது, இது உதவும்.

இந்தக் கிளையில் ஆர்வம் இருந்து, நேரே குதிக்கத் தயங்குகிறவர்களுக்கு ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆர்க்கோட் குழுவைப் பரிந்துரைப்பேன். 2015இன் 'த அபோகலிப்டிக் டிரையம்ஃபேட்டர்' ஆல்பத்தில் வேகத்துக்கு இடையிடையே கனத்துத் தவழும் பகுதிகள் வருவதால், அதே மூர்க்கத்தைக் கைப்பிடியோடு கேட்கலாம். அதற்குப் பிறகு பிளாஸ்ஃபெமிக்குத் திரும்பினால் சேற்றுக்குள் வடிவம் தெரியும்.

இங்கும் விலை உண்டு. பழைய இசைத்தட்டுப் பதிப்புகளைச் சேகரிப்போர் போட்டிபோடுவதால் அவை கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதில்லை, மறுபதிப்பே போதும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, இந்தக் கிளையின் அக்கம்பக்கத்தில் நாஜிக் குறியீடுகளோடு விளையாடும் குழுக்களும் இருக்கின்றன என்பது. ஒரு குழுவின் பெயர் பரிந்துரையாக வந்தால், சட்டை வாங்குவதற்கு முன் அவர்கள் யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

## இலண்டன் வழி: அகர்காக், 2005

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 'வர்ட்ஸ் தட் கோ அன்ஸ்போக்கன், டீட்ஸ் தட் கோ அன்டன்' ஆல்பம் ஓபெத் குழு போன்ற, நீண்டு மாறிக்கொண்டே செல்லும் புராக்ரெசிவ் மெட்டலில் ஊறியவர்களுக்கானது. உறுமலுக்கு நடுவே சாதாரணப் பாடற்குரல் வரும். பிளாஸ்ட் பீட் சட்டென்று அமைதியான பகுதிக்கு வழிவிடும். தோலாடைக்கும் ஆணிகளுக்கும் பதிலாகக் கோட்டும் சூட்டும் அணிந்து படம் எடுத்துக்கொண்ட குழு என்பதும் அவர்களது தனித்தன்மை. குறை என்னவென்றால், இவர்கள் யாரைப் போலவும் இல்லை. இதில் தொடங்கினால் அடுத்த குழுவுக்கு இது வழிகாட்டாது. தனி வீடு, தெரு இல்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டிஸெக்‌ஷன் | பெஹிமோத் | பிளாஸ்ஃபெமி | அகர்காக் |
|---|---|---|---|---|
| யாருக்கு ஏற்றது | மெட்டு தேடுவோர் | முற்றிலும் புதியவர் | பழகிச் சலித்தவர் | புராக்ரெசிவ் கேட்போர் |
| ஒலித்தெளிவு | நன்று | மிக நன்று | மங்கல் | நன்று |
| மூச்சுவிட இடம் | உண்டு | நிறைய உண்டு | இல்லை | நிறைய உண்டு |
| மெட்டு தங்குதல் | மிக அதிகம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| பெரிய மறைவிலை | தலைவரின் குற்றப் பின்னணி | மெருகுக்கு அடிமையாதல் | சில அண்டைக் குழுக்களின் அரசியல் | தொடர்ச்சி இல்லாமை |
| அடுத்த படி | சாக்ரமென்டம், டான் | டெமிகாட் | ஆர்க்கோட் | ஓபெத் பக்கம் திரும்புதல் |

## கேட்கும் முறையின் விலை

எந்த வழியைத் தேர்ந்தாலும் பொதுவான ஒரு செலவு இருக்கிறது. தொலைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் இந்த இசை இரைச்சலாக மட்டுமே கேட்கும், ஏனென்றால் டபுள் பாஸும் தாழ்சுருதிக் கிட்டாரும் அதில் மறைந்துபோய், மேலே சிம்பல்களின் சீறல் மட்டும் மிஞ்சுகிறது. கம்பியுள்ள ஒரு நடுத்தர ஹெட்போன் போதும். பெரிய முதலீடு வேண்டாம். ஒலி புரியவில்லை என்பதற்காக ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அது புரியவைக்காது, செவிக்குக் கேடு மட்டுமே செய்யும். 80 டெசிபல் என்ற அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அளவு கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். தானியங்கிப் பட்டியல்களில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பாட்டாகக் கேட்பதையும் தவிர்க்கலாம், ஏனெனில் இந்த ஆல்பங்களில் முன்னிசையும் பியானோவும் இடைவெளிகளும் அடுத்து வரும் பாட்டின் பாரத்தைக் கணக்கிட்டே வைக்கப்பட்டவை.

## வரிகள்தாம் தடை என்பவர்களுக்கு

இசை பிடிக்கிறது, சாத்தான் பாட்டுகள்தாம் உறுத்துகின்றன என்று சொல்கிறவர்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மேற்கண்ட நான்கில் எதுவும் பொருந்தாது. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா என்ற குழு அவர்களுக்கு உரியது. அங்குள்ள இந்திய வம்சாவளி இளைஞர்கள், கதிரின் குரலிலும் பேஸிலும், டெத் மெட்டலின் கனத்தையும் பிளாக் மெட்டலின் கீறல் குரலையும் எடுத்துக்கொண்டு, அத்வைத வேதாந்தத்தைப் பாடுபொருளாக வைத்து, அதற்கு வேதிக் மெட்டல் என்று பெயரிட்டார்கள். வடமொழி மந்திரங்கள் இடையிடையே ஒலிக்கும். வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம்.

2005இன் 'பிரம்மவித்யா: ப்ரைமார்டியல் ஐ' தொடங்கவேண்டிய ஆல்பம், 2009இலும் 2011இலும் வந்த அடுத்த இரண்டு பாகங்களோடு சேர்ந்து அது ஒரு முத்தொகுதி ஆகிறது. ஒலிப்பதிவின் செழுமையில் பெஹிமோத்தோடும் மெட்டின் கூர்மையில் டிஸெக்‌ஷனோடும் இதை ஒப்பிடுவது நேர்மையாகாது. அதில் த்ராஷ் மெட்டலின் சாயலும் கூடுதல். ஆனால் இங்கே தொடங்குகிறவருக்கு ஒரு நன்மை உண்டு. இந்தக் கீறல் குரலைச் சாத்தானிடமிருந்து பிரித்துக் கேட்கப் பழகியபின், 'த சாட்டனிஸ்ட்' ஆல்பத்தின் தலைப்பைப் பார்த்து ஒதுங்காமல் அதன் முதல் ரிஃப்பைக் கேட்க முடியும். கேட்டபின் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், முத்தொகுதியின் மற்ற இரண்டு பாகங்கள் மிச்சமிருக்கின்றன.